நுரைக்கு எதிர்த்திசையில் மிதித்த கதை

கெலவரப்பள்ளி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கலா,

உன் நாத்தனார் மூலமா சேதி எப்படியும் உனக்கு வந்து சேந்திருக்கும். கண்ணு, காது, மூக்கு எல்லாம் வச்சுத்தான் சொல்லியிருப்பா. அதனால நானே முந்திக்கறேன். ஆமாடி, போனேன். சைக்கிள்லதான் போனேன். பெங்களூர்ல பீர் காய்ச்சற இடங்களைப் பாக்கத்தான் போனேன். தலையில ஹெல்மெட், கையில கிளாஸ், பக்கத்துல தாடிக்காரப் பையன், அந்த போட்டோவும் நிஜம்தான். தாடிக்காரன் யாருன்னு பின்னால சொல்றேன். குடிச்சியாங்கற கேள்விக்கும் பதில் பின்னாலதான். இப்பவே சொல்லிட்டா மீதியை நீ படிக்க மாட்ட.

ஞாயித்துக்கிழமை காலையில அணைப் பக்கம் சைக்கிள் மிதிக்கற கூட்டம் ஒண்ணு இங்க இருக்குன்னு எழுதியிருந்தேனே, அது இப்ப நல்லாப் பெருத்துப் போச்சு. தலைவர் ரிட்டையரான பெரியவர் ஒருத்தர். கடிகாரக் கம்பெனியில குவாலிட்டி பாத்தவர், அதனால அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான். அவரைக் கேப்டன்னு கூப்பிடறோம். அப்புறம் பல் டாக்டரம்மா ஒருத்தங்க. இருபத்தோரு கியர் சைக்கிள் வச்சுக்கிட்டு ஒரே கியர்ல மிதிப்பாங்க. ஸிப்காட்ல ஷிப்ட் முடிஞ்சு தூங்காமலே வர்ற பசங்க ரெண்டு மூணு பேர். வீட்டுல இருந்தே வேலை பாக்கற ஐடி பொண்ணு. அத்திப்பள்ளியில இருந்து எல்லை தாண்டி வர்ற கன்னடக்காரர் ஒருத்தர், அவர் எங்க எல்லாருக்கும் 'அண்ணா'. ஓசூர்க் கூட்டம் எப்படின்னு உனக்குத் தெரியும். தமிழ்ல ஆரம்பிச்சு, தெலுங்குல கேலி பண்ணி, கன்னடத்துல டீ சொல்லுவோம். யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க மாட்டோம்.

யோசனை அண்ணாவோடது. "எப்பப் பாத்தாலும் சந்திரசூடேஸ்வரர் மலை, அணைக்கரை, திரும்பி வந்து இட்லி! ஒரு தடவை சர்ஜாப்பூர் தாண்டி ஒயிட்ஃபீல்டு வரைக்கும் மிதிக்கலாம். அந்தப் பக்கம் பீரை அங்கயே காய்ச்சி அங்கயே ஊத்தற கடைங்க இருக்கு. எப்படிக் காய்ச்சறாங்கன்னு உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க"ன்னார். ஸிப்காட் பசங்களுக்கு மிதிக்காமலே மூச்சு வாங்கிச்சு. டாக்டரம்மா, "பல்லுக்கு ஒண்ணும் ஆகாது, போலாம்"னு சான்றிதழ் கொடுத்தாங்க. எங்க வீட்டுக்காரர் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காம, "நீ போயிட்டு வா, எனக்கு முட்டி வலி"ன்னார். முட்டி வலி நிஜம், பொறாமை அதை விட நிஜம். அத்தைகிட்ட மட்டும் 'பேக்டரி பாக்கப் போறோம்'னு சொன்னேன். பொய் இல்லயே, ஆலைதானே?

இதுல ஒரு கூத்து இருக்கு கலா. நாங்க கிளம்பற இடம் எப்பேர்ப்பட்ட பூமின்னு யோசிச்சியா? கூப்பிடு தூரத்துலதான் தொரப்பள்ளி. 1878-ல ராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீட்டை நினைவில்லமா வச்சிருக்காங்க. அந்த மனுஷன் 1937-ல சென்னை மாகாணத்துக்குப் பிரதமர் ஆனதும், அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கைக் கொண்டு வந்தார். முதல்ல எந்த ஜில்லான்னு நினைக்கற? சேலம். அப்ப ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாதான். நாட்டுலயே முதல்ல பூட்டுப் போட்ட கள்ளுக்கடை எல்லாம் நம்ம பக்கத்துதான்னு வச்சுக்கோயேன். வருமானம் போச்சேன்னு 1939-ல விற்பனை வரி போட்டாரு. அந்த வரி நிலைச்சுடுச்சு, மதுவிலக்குதான் நிலைக்கல. 1971-ல கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தினப்போ, தொண்ணூறு வயசைத் தாண்டின ராஜாஜி மழையில போய் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்னு சொல்வாங்க. இதெல்லாம் கேப்டன் டீக்கடையில சொன்ன கதை. சொல்லிட்டு, "அந்த மண்ணுல இருந்து பீர் குடிக்கக் கிளம்பறோம், அதுவும் பொம்பளைங்களோட"ன்னு என்னை ஒரு பார்வை பாத்தார்.

சும்மா விடுவேனா? "சார், ராஜாஜிக்கு முன்னாடியும் இந்தப் பக்கம் மனுஷங்க இருந்தாங்க"ன்னேன். "அதியமானோட தகடூர் இதோ இருக்கற தர்மபுரிதானே? அவன் செத்தப்போ ஔவையார் அழுது பாடினது புறநானூத்துல இருக்கு. கள்ளு கொஞ்சமா இருந்தா எங்களுக்கே கொடுத்துடுவான், நிறைய இருந்தா நாங்க பாட அவனும் சேந்து குடிப்பான்னு அந்தம்மாவே சொல்றா. ராஜா சபையில உக்காந்து குடிச்ச பொம்பளை. பள்ளிக்கூடத்துல நமக்கு ஆத்திசூடியை மட்டும் காட்டிட்டு இதை மறைச்சுட்டாங்க." கேப்டன் டீயைக் கீழ வச்சுட்டார். எனக்கு அன்னைக்கு ஓசி பஜ்ஜி.

நம்ம ஊர்ல இந்த மாதிரி சின்ன ஆலைக்கு வழியே இல்ல, தெரியுமில்ல? 1983-ல மொத்த வியாபாரத்துக்குன்னு டாஸ்மாக்கை ஆரம்பிச்சாங்க, 2003-ல சில்லறைக் கடையும் அவங்க கைக்கே போச்சு. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கையை விட்டா அந்தப் பக்கம் பாட்டில் வரும். என்ன பீர்னு கேட்டா சிரிப்பாங்க. 'கூலிங்கா, சாதாவா' அவ்வளவுதான் கேள்வி. அங்க போய் நானும் டாக்டரம்மாவும் நிக்க முடியுமா? எல்லை தாண்டினா கதையே வேற. 2009-ல புனேயில டூலாலின்னு ஒரு கடை இந்தச் சின்ன ஆலைப் பழக்கத்தை ஆரம்பிச்சு வச்சுது. அடுத்த வருஷங்கள்ல பெங்களூருக்கு அந்தப் பைத்தியம் முத்திப் போச்சு. இந்திராநகர்ல டாய்ட், ஒயிட்ஃபீல்டுல விண்ட்மில்ஸ், பழைய மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் கைஸ்ட்னு வரிசையாச் சொல்லுவாங்க பசங்க. அதுக்கு முன்னாடியும் பெங்களூர் பீர் ஊருதான், வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்த ஊராச்சே. தாமஸ் லீஷ்மன்னு ஒருத்தர் 1915-ல தென்னிந்தியாவுல இருந்த அஞ்சு ஆலையைச் சேத்துத்தான் யுனைடெட் புரூவரிஸை உண்டாக்கினார். நம்ம நீலகிரி ஆலையும் அதுல சேத்தி. நாங்க போன ரெண்டு இடத்தோட பேரை மட்டும் சொல்ல மாட்டேன். உங்க வீட்டுக்காரர் மேப்ல தேட ஆரம்பிச்சுடுவார்.

கிளம்பறதுக்கு முன்னாடி கேப்டன் சட்டம் போட்டார். "முதல் வாய் உள்ள போயிட்டா அதுக்கப்புறம் யாரும் சீட்ல ஏறக் கூடாது. காலையில ஒரு ஆலை, அங்க கண்ணாலதான் குடிக்கணும். மத்தியானம் இன்னொரு ஆலை, அங்க வாயால. திரும்பறதுக்குக் குட்டி யானை சொல்லியாச்சு, சைக்கிளை ஏத்திக் கட்டிட்டு வேன்ல வாங்க." பசங்க முணுமுணுத்தாங்க, சைக்கிளுக்கு யாரு சார் ஊதச் சொல்றாங்கன்னு. "போலீஸ் ஊதச் சொல்ல மாட்டான்டா, சர்ஜாப்பூர் ரோட்டு டிப்பர் லாரி சங்கு ஊதும்"னார். நியாயம்தானே. ஆம்ஸ்டர்டாம்ல பத்துப் பதினஞ்சு பேர் உக்காந்து குடிச்சுக்கிட்டே மிதிக்கற வண்டி ஒண்ணு ஓடிச்சாம். ஊர்க்காரங்க தொல்லை தாங்காம 2017-ல நகர மையத்துல தடையே போட்டுட்டாங்க. ஜெர்மன்காரன் புத்திசாலி. 1922-ல மியூனிக் பக்கத்துல ஒரு சத்திரக்காரர்கிட்ட சைக்கிள்காரங்க கூட்டமா வந்து இறங்கிட்டாங்களாம். பீர் பத்தல. அவர் எலுமிச்சைச் சோடாவைப் பாதிக்குப் பாதி கலந்து, 'நீங்க வண்டி ஓட்டணுமேன்னு லேசா பண்ணேன்'னு சொல்லி வித்துட்டாராம். எவ்வளவு நிஜமோ தெரியாது, ஆனா இன்னைக்கும் அந்தக் கலவைக்கு அந்த நாட்டுல சைக்கிள்காரன் பேருதான். வியாபாரின்னா அப்படி இருக்கணும்.

காலையில அணைக்கரையில கூடினோம். நீ வந்தப்போ அணை எப்படி இருந்துச்சோ, இப்ப அப்படி இல்லடி. மேல நந்தி மலைப் பக்கம் மழை பெஞ்சிருந்துச்சு. அணையோட முழு அளவு 44.28 அடி, அதுக்குக் கிட்ட தண்ணி நின்னதால ஷட்டரைத் தூக்கியிருந்தாங்க. தண்ணி விழற இடத்துல இருந்து நுரை கிளம்பி, ஆத்தோட போகாம நின்னு நின்னு குவியுது. ஆளுயரம் எல்லாம் சாதாரணம். தட்டிகானப்பள்ளி பக்கம் தரைப்பாலமே நுரைக்குள்ள காணாமப் போய், போலீஸ் வந்து ரோட்டை மறிச்ச வருஷமும் உண்டு. கிட்டப் போய்ப் பாத்தேன். மேல வெள்ளை வெளேர்னு இருக்கு, அடியில சாம்பல் நிறம். காத்துல ஒரு துண்டு பிச்சுக்கிட்டு வந்து என் ஹேண்டில்பார்ல ஒட்டிச்சு. துடைச்சா கையில பிசுபிசுன்னு ஒரு வழுவழுப்பு, சாக்கடையும் சோப்பும் கலந்த வாடை. வெளியூர்ப் பசங்க நாலு பேர் பின்னால நுரை தெரிய செல்பி எடுத்துக்கிட்டிருந்தாங்க. வாய்க்கால் ஓரத்துல தோட்டம் வச்சிருக்கற பெரியவர் ஒருத்தர் அதைப் பாத்து, "இதுல நின்னு மடை திருப்பினா கால் ரெண்டு நாளைக்கு அரிக்கும், இதுங்களுக்குப் போட்டோ"ன்னு துப்பிட்டுப் போனார். இந்த அணையோட ரெண்டு வாய்க்காலையும் நம்பி ஓசூர், சூளகிரிப் பக்கம் 8,000 ஏக்கர் இருக்கு.

அப்பதான் அண்ணா சாதாரணமா ஒண்ணு சொன்னார்: "நாம இன்னைக்கு மிதிக்கற பாதை பூரா இந்தத் தண்ணி வர்ற பாதைதான். ஒயிட்ஃபீல்டு, வர்த்தூர், முகளூர், கொடியாளம், கெலவரப்பள்ளி. தண்ணி இறங்கி வருது, நாம ஏறிப் போறோம்." இதைக் கேட்டதுல இருந்து எனக்கு பீர் பாதி மறந்து போச்சு.

பாகலூர் ரோடு காலையில சுகம்டி. பாலிஹவுஸ் உள்ள ரோஜா, வெளிய கோஸு, பீன்ஸ், தக்காளி. எதிர்ல மூட்டை அடுக்கின டெம்போ எல்லாம் பெங்களூர் மார்க்கெட்டுக்கு. அந்தக் குளிரும் மேடும் பள்ளமும் மிதிக்கவே செஞ்சு வச்ச மாதிரி. எல்லை எப்ப வந்துச்சுன்னு கடைப் பலகை எழுத்து மாறினதுல இருந்துதான் தெரிஞ்சுது. சர்ஜாப்பூர் தாண்டி முகளூர்ப் பக்கம் திரும்பினோம். அங்க பாலத்து மேல நிறுத்தினா, கீழ நம்ம ஆறு, தென்பெண்ணை. அவங்களுக்கு அது தட்சிண பினாகினி. தண்ணி கறுப்பு. அங்கயும் நுரை, அங்கயும் அதே வாடை, அங்கயும் ஒரு விவசாயி அதே பேச்சைக் கன்னடத்துல பேசறார். கர்நாடகாக்காரன் நமக்குக் கழிவை அனுப்பறான்னு நாம எல்லாரும் ஒரே மூச்சுல சொல்லிடறோம். முகளூர்க்காரனும் கர்நாடகாக்காரன்தான். அவன் நமக்கு முன்னாடியே அதை வாங்கிக்கிறான்.

வர்த்தூர் ஏரிக்கரை வந்தப்போ வெயில் ஏறிடுச்சு. பெல்லந்தூர் ஏரி நிரம்பினா வர்த்தூர், வர்த்தூர் நிரம்பினா ஆறு. பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018-னு தீப்பிடிச்சு எரிஞ்சதை டிவியில பாத்திருப்ப. ஏரி எரியறதுன்னா என்னன்னு அன்னைக்கு நம்பவே முடியல. இப்ப தூர் வாரறாங்க, வேலி போட்டிருக்காங்க, கொஞ்சம் தேவலைங்கறாங்க. ஏரிக்கரை பூரா அடுக்குமாடி. ஒவ்வொரு பால்கனியிலயும் துணி காயுது. அந்தத் துணியெல்லாம் எதுல துவைச்சுதோ, அதுதான் என் ஹேண்டில்பார்ல வந்து ஒட்டினது.

சரி, பீருக்கு வர்றேன், திட்டாத. முதல் ஆலையில எங்களை உள்ள கூட்டிட்டுப் போனது ஒரு பொண்ணு. முப்பது வயசு கூட இருக்காது, ரப்பர் பூட்ஸ், தலையில துணி. 'வாங்க'ன்னா பாரு, கொங்குத் தமிழ்! ஈரோட்டுப் பக்கமாம். பயோடெக் படிச்சுட்டு இங்க பீர் காய்ச்சறா. வீட்டுல 'உணவுத் தொழில்நுட்பம்'னு சொல்லி வச்சிருக்கா. அதுவும் பொய் இல்லன்னு ரெண்டு பேரும் கையடிச்சுக்கிட்டோம்.

முதல்ல ஒரு கை மால்ட்டைக் கொடுத்து மெல்லச் சொன்னா. பார்லியை ஊற வச்சு, முளை விட்டதும் காய வச்சு வறுத்தது. மொறுமொறுன்னு, கடைசியில லேசா இனிப்பு. நம்ம வீட்டுல கேழ்வரகை முளை கட்டி, வறுத்து, அரைச்சுக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவோமே, அதே வேலைதான், அதுக்கப்புறம் பாதை மாறிடுது. அதை உடைச்சு, அறுபத்தஞ்சு டிகிரி வாக்குல வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊற வைக்கறாங்க. கொதிக்க விட்டா போச்சாம். அந்தச் சூட்டுலதான் தானியத்துல இருக்கற மாவு சர்க்கரையா மாறும். அப்புறம் வடிகட்டி, தண்ணியை மட்டும் தனியாக் கொதிக்க வச்சு, ஹாப்ஸ் போடறாங்க. பச்சைக் குச்சி குச்சியா இருக்கு. உள்ளங்கையில தேச்சு மோந்தா, ஒரு நிமிஷம் எலுமிச்சைத் தோல், அடுத்த நிமிஷம் பச்சைப் புல்லு. நாக்குல வச்சேன், வேப்பங்கொழுந்தே தேவலைன்னு ஆயிடுச்சு. அப்புறம் ஆற வச்சு ஈஸ்ட் சேத்து, பெரிய எவர்சில்வர் தொட்டியில பூட்டி வச்சுட வேண்டியதுதான். கோதுமை பீர்னா பதினெட்டு, இருபது டிகிரியில சீக்கிரம் ஆயிடும். லாகர்னா பத்து டிகிரி வாக்குல குளிர வச்சு வாரக்கணக்குல காத்திருக்கணும். அதுதான் பீர்ல பொறுமைசாலி. சக்கை எங்க போகுதுன்னு கேட்டேன். பக்கத்து மாட்டுத் தொழுவத்துக்கு. "மாடுங்க எங்க வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கும்க்கா"ன்னா.

டாக்டரம்மா அவகிட்ட, "பொண்ணா இருந்துக்கிட்டு இந்த வேலைக்கு வந்தது கஷ்டமா இல்லயா"ன்னு கேட்டாங்க. அவ சிரிச்சா. "பழைய மெசபடோமியாவுல பீர் காய்ச்சினது பொம்பளைங்கதான். அவங்களுக்கு பீருக்குன்னே ஒரு சாமி, நின்காசின்னு பேரு, அதுவும் பொம்பளைச் சாமி. ஜார்க்கண்ட்ல ஹண்டியா காய்ச்சறதும் இன்னைக்கும் பொம்பளைங்கதான். எப்ப இதுல பெரிய காசு வந்துச்சோ அப்பதான் ஆம்பளைங்க வந்தாங்க." கேப்டன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே தொட்டியில இருந்த மீட்டரைப் படிக்கப் போயிட்டார். எனக்கு அவளைத் தத்து எடுத்துக்கலாம் போல இருந்துச்சு.

மத்தியானம் ரெண்டாவது இடம். சைக்கிளைப் பூட்டிச் சாவியைக் கேப்டன் பையில போட்டதுக்கு அப்புறம்தான் மெனு கார்டே கைக்கு வந்துச்சு. ஒரு பலகையில ஆறு குட்டிக் கிளாஸ் வச்சுத் தர்றாங்க, ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு மடக்கு. முழுக் கிளாஸ் நானூறுக்கு மேல, அதனால எங்க கூட்டம் பலகையோட நின்னுக்கிச்சு. ஆமா கலா, குடிச்சேன். போதுமா? கோதுமை பீர்ல வாழைப்பழ வாசனை வருது, வாழைப்பழம் போடவே இல்ல, ஈஸ்ட் பண்ற வேலையாம். கறுப்பா ஒண்ணு, கருக வறுத்த காபிக்கொட்டைக் கசப்பு, அது எனக்குப் பிடிச்சுப் போச்சு. இன்னொண்ணு அவ்வளவு கசப்பு, முகம் போன போக்கைத்தான் அந்த போட்டோவுல பாத்திருப்ப. கேப்டன் மட்டும் கடைசி வரைக்கும் இஞ்சி லெமன் சோடா. அதைக் குடிச்சுட்டு எங்க எல்லாரையும் விட சத்தமாச் சிரிச்சவர் அவர்தான்.

அப்ப அண்ணாவுக்கும் ஸிப்காட் பையன் ஒருத்தனுக்கும் காவிரி சண்டை ஆரம்பிச்சுடுச்சு. பீரும் ரெண்டு மாநிலமும் ஒரே மேசையில உக்காந்தா அது வராம இருக்குமா? 'நீங்க தண்ணி விடல', 'எங்களுக்கே இல்ல', வழக்கமான பாட்டு. அந்த ஈரோட்டுப் பொண்ணும் ஷிப்ட் முடிச்சுட்டு எங்களோடவே வந்திருந்தா. நடுவுல பூந்து நான் அவளைக் கேட்டேன்: "ஏம்மா, இந்தக் கிளாஸ்ல நிக்கற நுரையும் எங்க ஆத்துல நிக்கற நுரையும் ஒண்ணா?" அவ பீர் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிக் காட்டினா. இது தானியத்துப் புரதமும் ஹாப்ஸும் சேந்து பிடிச்சு வைக்கற நுரை, அஞ்சு நிமிஷத்துல அடங்கிடும். அது துணி சோப்பு, பாத்திர சோப்பு, சுத்திகரிக்காத சாக்கடை. ஷட்டர்ல இருந்து தண்ணி விழும்போது காத்தை அடிச்சு உள்ள தள்ளும், சோப்பு அதை விடாமப் பிடிச்சுக்கும். "பீர் ஆலைக்கும் பங்கு உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒரு லிட்டர் பீருக்கு நாலஞ்சு லிட்டர் தண்ணி, எங்கள மாதிரி சின்ன இடத்துல அதுக்கும் மேல. பாதி தொட்டி கழுவத்தான். ஆனா நாங்க கடுகு. மலை இந்த அபார்ட்மெண்ட் எல்லாம்."

அதுக்கு அடுத்து அவ கேட்டதுதான் மேசையை அமைதியாக்கிச்சு. "பெங்களூர் குழாய்ல வர்ற தண்ணி எங்க இருந்து வருது?" காவிரி. 1974-ல இருந்து பம்ப் பண்ணி மேல ஏத்தறாங்க. 2024 கோடையில போர்வெல் எல்லாம் வத்தி, ஒயிட்ஃபீல்டு பூரா டேங்கருக்குக் கையேந்தினதுக்கு அப்புறம், அக்டோபர்ல அஞ்சாவது கட்டத்தையும் திறந்தாங்க. ஊரு மேட்டுல இருக்கு. மேக்கால விழற சாக்கடை விருஷபாவதி, அர்க்காவதின்னு போய்க் காவிரியிலயே சேருது. கிழக்கால விழறது பெல்லந்தூர், வர்த்தூர், தென்பெண்ணை. புரியுதா கலா? காவிரியை விடல, விடலன்னு நாம சண்டை போடறோம். அதே காவிரியில ஒரு பங்கு குளிச்சு, துவைச்சு, கழுவி முடிச்சு, கொடியாளம் வழியா நம்ம வாசலுக்கு வந்துக்கிட்டுதான் இருக்கு. எந்த நடுவர் மன்றத்துக் கணக்குலயும் இந்தத் தண்ணியை யாரும் 'திறந்து விட்டோம்'னு எழுதிக்க மாட்டாங்க. அஞ்சாவது கட்டம் வந்திருக்குன்னா குழாய்ல தண்ணி கூடும். குழாய்ல கூடினா சாக்கடையில கூடும். சுத்தம் பண்ண முடியாதுன்னு இல்ல. அந்தக் கிழக்குப் பக்கத்துச் சாக்கடையையே சுத்திகரிச்சு 2018-ல இருந்து கோலார் ஏரிகளுக்கு ஏத்தி விடறாங்களே. கோலாருக்கு மோட்டார் வச்சு அனுப்ப முடியுதுன்னா, பள்ளத்துல இருக்கற நமக்குச் சுத்தமா விட முடியாதா? மோட்டார் கூட வேண்டாமே!

அண்ணா கிளாஸைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தார். அப்புறம், "அந்த கோஸு, பீன்ஸு எல்லாம் எங்க ஊருக்குத்தானே திரும்பி வருது"ன்னார். "ஆமாண்ணா, வட்டியோட"ன்னேன். பசங்க சிரிச்சாங்க. காவிரிச் சண்டை அதோட முடிஞ்சுது. ராஜதந்திரின்னு என்னை யாராவது டெல்லிக்கு அனுப்பினா தேவலை.

இப்ப தாடிக்காரன். மூச்சு விடாம கேளு. நம்ம ஐடி பொண்ணு இருக்கே, மாசக்கணக்கா 'எனக்கு சைக்கிள்தான் உயிர்'னு சொல்லிக்கிட்டிருந்தா. உயிர் சைக்கிள் இல்லடி, வர்த்தூர்ல நிக்குது! 'இங்க வந்தேன், தற்செயலாப் பாத்தேன்'னு ஒரு தாடி வந்து உக்காருது. தற்செயலா வந்தவன் கையில அவளுக்குப் பிடிச்ச தேங்காய் பன் எப்படி வரும்? அவன் கன்னடம், இவ சௌராஷ்டிரா. வீட்டுல ரெண்டு பக்கமும் தெரியாது. கல்யாணம் தமிழ்நாட்டுலயா கர்நாடகாவுலயான்னு டாக்டரம்மா இப்பவே கேட்டாங்க. "எல்லையில பந்தல் போட்டா ரெண்டு சமையலும் போடலாம்"னு அண்ணா தீர்ப்பு. அந்த போட்டோவுல அவன் என் பக்கத்துல நிக்கறது, அவ பக்கத்துல நின்னா மாட்டிப்பான்னுதான். என்னைத் திரையாப் பயன்படுத்திக்கிட்டாங்க. இதை உன் நாத்தனார்கிட்ட சொல்லிடாத, பாவம் பொண்ணு.

திரும்பும்போது முன்னால குட்டி யானையில சைக்கிளுங்க, பின்னால வேன்ல நாங்க. ஜூஜூவாடியில போலீஸ் நிறுத்தினாங்க. பாட்டில் ஏதாவது இருக்கான்னு கேள்வி. வெளி மாநில பாட்டிலைக் கொண்டு வந்தா கேஸாச்சே. பாத்தா பத்துப் பன்னெண்டு சைக்கிள், ஹெல்மெட் போட்ட பொம்பளைங்க மூணு பேர், திருநீறு வச்ச பெரியவர் ஒருத்தர். "எங்கம்மா போயிட்டு வரீங்க"ன்னார். கேப்டன் யோசிக்காம, "ஆத்தைப் பாத்துட்டு வர்றோம்"னார். முழு நிஜம். விட்டுட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வாசல்லயே மோப்பம் பிடிச்சாங்க. "பேக்டரியில என்ன பண்றாங்க"ன்னு கேட்டாங்க. பார்லி, முளை, வறுக்கறது, வடிக்கறது, எல்லாத்தையும் வரிசையாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அட, எங்க பாட்டி கம்பங்கஞ்சியை ரெண்டு நாள் புளிக்க வச்சுக் கதவைச் சாத்திக்கிட்டுக் குடிப்பா. அவளுக்கு அதுக்கப்புறம்தான் பாட்டு வரும்"னாங்க. இத்தனை வருஷம் இந்த வீட்டுல இருக்கேன், இந்தக் கதையை எனக்கு ஒருத்தர் சொல்லல பாரு.

நீ டிசம்பர்ல வர்றப்ப எதிர்ப்பக்கம் மிதிக்கலாம்னு கேப்டன் சொல்லியிருக்கார். தொரப்பள்ளி போய் ராஜாஜி வீட்டுல ஒரு கும்பிடு, அங்க இருந்து கிருஷ்ணகிரி அணை. அங்க பீர் இல்ல, மீன் வறுவல் உண்டு. வாடகை சைக்கிள் சொல்லி வைக்கறேன், உன் உயரம் எழுது. வர்றப்ப உன் ஊர்க் காவிரித் தண்ணி ஒரு பாட்டில் எடுத்துட்டு வா. நீ திருச்சியில குடிக்கறதையும் நான் வாசல்ல பாக்கறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அண்ணாகிட்ட காட்டணும், அவர் அதைத் தன் ஊர்க் கவுன்சிலர்கிட்ட காட்டறேன்னு சொல்லியிருக்கார்.

உன்,
வள்ளி

பி.கு.: எங்க வீட்டுக்காரருக்கு நேத்து முட்டி வலி சரியாப் போச்சாம். அடுத்த ரைடு எப்பன்னு கேக்கறார். கேப்டன்கிட்ட 'கூட்டம் ஃபுல்'னு சொல்லச் சொல்லியிருக்கேன்.